டென்டனில் தங்கிப் படிக்கப் போகும் மகளுக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் வசிக்கிறோம். எனக்கு எச்-1பி விசா. மனைவிக்கும் மகளுக்கும் குடும்பத்தினருக்கான எச்-4 விசா. பத்தாம் வகுப்பை முடிக்கப்போகும் 16 வயது மகளுக்கு, டென்டனிலுள்ள நார்த் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் டெக்சஸ் கணித அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் இப்போது படிக்கும் பள்ளியின் ஆலோசகர், "விலகினால் இடைநின்றவள் என்று பதிவாகும், கட்டாயக் கல்விச் சட்டப்படி உங்கள் மீது வழக்கும் வரலாம்" என்கிறார். இது உண்மையா? அங்கே சேர்த்தபின் பெற்றோராகிய எங்களுக்கு என்ன உரிமை மிஞ்சும்?

பதில்: ஆலோசகர் சொன்னது தவறு. டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 25.085ஆம் பிரிவு 19 வயது நிறையும் வரை பள்ளிக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது என்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறும் பெற்றோருக்கு அபராதம் விதிக்க இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் மகள் சேரவிருக்கும் அகாடமி அச்சட்டத்துக்கு வெளியே முளைத்த தனியார் ஏற்பாடு அன்று. 1987இல் டெக்சஸ் சட்டமன்றம் சட்டமியற்றி உருவாக்கிய அரசு நிறுவனம் அது; 1988 முதல் அங்கே வகுப்புகள் நடந்துவருகின்றன. அதை நிறுவும், அதே கல்விச் சட்டத்தின் 105.301ஆம் பிரிவே, அகாடமிக்கு வருகை தருவது கட்டாயப் பள்ளி வருகையை நிறைவு செய்யும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. எனவே வழக்கைப் பற்றிய அச்சத்தை நீங்கள் இன்றே விட்டுவிடலாம்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. அதே 105.301ஆம் பிரிவு, குறிப்பாகச் சொல்லப்பட்ட சில விஷயங்கள் தவிர, பொதுப் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் கல்விச் சட்ட விதிகளும் டெக்சஸ் கல்வி முகமையின் விதிகளும் இந்த அகாடமிக்குப் பொருந்தா என்கிறது. நிதி விஷயத்தில் மட்டும், ஒரு பள்ளி மாவட்டத்துக்கு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புக்கு) வழங்குவதைப் போலவே மாணவர் ஒவ்வொருவருக்கும் மாநிலப் பள்ளி நிதி அகாடமிக்கு வந்துசேர்கிறது. நிர்வாகம் முழுவதும் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவிடம் இருக்கிறது. ஆகவே பள்ளி மாணவியின் பெற்றோர் என்ற நிலையில் இதுவரை உங்களுக்குப் பழக்கமான பாதுகாப்புகளில் பல, மகள் டென்டன் விடுதிக்குள் காலடி வைத்த நாளில் கைவிட்டுப் போகும்.

முதலில் மதிப்பெண் பதிவேடுகளைப் பாருங்கள். 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விப் பதிவுகள் தனியுரிமைச் சட்டம், 18 வயதை எட்டிய மாணவருக்கு மட்டுமன்றி, எந்த வயதினராயினும் உயர்கல்வி நிறுவனத்தில் பயிலும் மாணவருக்கும் பதிவேடுகள் மீதான உரிமையைப் பெற்றோரிடமிருந்து மாற்றிக் கொடுத்துவிடுகிறது. உங்கள் மகள் எடுக்கும் பாடங்கள் பல்கலைக்கழகப் பாடங்கள். அவள் இயற்பியலில் தேறினாளா, எத்தனை வகுப்புக்குச் செல்லவில்லை என்று நீங்கள் கேட்கும்போது, "மாணவியின் ஒப்புதல் வேண்டும்" என்ற பதில் வந்தால் அதைச் சட்டவிரோதம் என்று கூற இயலாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வருமான வரிக் கணக்கில் மகளை உங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால், அவளது ஒப்புதல் இல்லாமலேயே பல்கலைக்கழகம் உங்களுக்குத் தகவல் தரலாம். தரலாம் என்பதுதான் சட்டம். தந்தே ஆகவேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகையால் சேர்க்கையின்போதே மகளிடம் எழுத்துமூலமான ஒப்புதலைப் பெற்று, அதன் நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அதை அவளுடன் உட்கார்ந்து பேசிப் பெறுவது நல்லது, ஏனென்றால் அந்த உரிமை இனி அவளுடையது.

மருத்துவத்துக்கான அதிகாரக் கடிதமும் அதே அளவு அவசியம். டெக்சஸ் குடும்பச் சட்டப்படி 16 வயது நிறைந்து, பெற்றோரைப் பிரிந்து வசித்து, தன் பணவிவகாரத்தைத் தானே கவனித்துக்கொள்ளும் சிறார் தமது சிகிச்சைக்குத் தாமே ஒப்புதல் தரலாம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அச்சட்டம் பார்ப்பதில்லை; ஆனால் உங்கள் மகள் பிரிந்து வசித்தாலும், தன் பணவிவகாரத்தைத் தானே கவனிக்காதவரை அந்த வரையறைக்குள் வரமாட்டாள். கல்வி நிறுவனம் ஒப்புதல் தர வேண்டுமானால், அதற்குப் பெற்றோரின் எழுத்துமூலமான அதிகாரம் இருக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் 32.001ஆம் பிரிவு கூறுகிறது. நள்ளிரவில் உங்கள் தொலைபேசி எடுக்கப்படாமல் போகும் ஒருநாளுக்காகவே அந்தக் கடிதம்.

அடுத்து நான் சொல்லப்போவது, இந்த அகாடமியில் பிள்ளையைச் சேர்க்கும் ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்கவேண்டியது. 105.302ஆம் பிரிவு, அகாடமி தொடர்பாக மாநில அரசுக்குள்ள இழப்பீட்டுப் பொறுப்பை, ஒரு பள்ளி மாவட்டத்துக்குள்ள பொறுப்பின் அளவுக்குக் குறைத்துவிடுகிறது. டெக்சஸ் இழப்பீட்டுக் கோரிக்கைச் சட்டத்தின் 101.051ஆம் பிரிவின்படி, மோட்டார் வாகன விபத்துகள் தவிர வேறெதற்கும் பள்ளி மாவட்டம் அச்சட்டத்தின் கீழ்ப் பொறுப்பாகாது. ஒரு சாதாரணப் பல்கலைக்கழக மாணவர் கட்டடக் குறைபாட்டால் காயமடைந்தால், பல நிபந்தனைகளுக்கு உட்பட்டு நபருக்கு 2,50,000 டாலர் உச்சவரம்புக்குள் அரசிடம் இழப்பீடு கேட்கலாம்; அதே வளாகத்தில் வசிக்கும் 16 வயது அகாடமி மாணவிக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. விடுதிப் பராமரிப்பு அகாடமியின் செயல் அன்று, பல்கலைக்கழகத்தின் செயல் என்று வாதிட இடமிருக்கலாம். ஆயினும் அந்த வாதத்தை நம்பி எந்தப் பெற்றோரையும் நான் சும்மா இருக்கச் சொல்லமாட்டேன். வயதில் இளையவருக்குக் குறைந்த பாதுகாப்புத் தரும் இந்த ஏற்பாடு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. சட்டமன்றம் இதைத் திருத்தவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை உங்கள் மருத்துவக் காப்பீடு டென்டனிலுள்ள மருத்துவமனைகளில் செல்லுமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கையைப் பொறுத்தவரை, பள்ளி ஒழுங்கு பற்றிய, கல்விச் சட்டத்தின் 37ஆம் அத்தியாயத்தின் நடைமுறைகளை அங்கே எதிர்பார்க்கவேண்டாம். அகாடமியின் கையேடும் பல்கலைக்கழகத்தின் நடத்தை விதிகளுமே ஆளும். அது அரசு நிறுவனம் என்பதால், வெளியேற்றுமுன் குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் கேட்கவேண்டிய அரசமைப்புக் கடமை அதற்கு இருக்கிறது. கையெழுத்திடுமுன் கையேட்டை முழுதாகப் படியுங்கள், குறிப்பாக இரவு நேரக் கட்டுப்பாடுகளையும் மேல்முறையீட்டுக்கான கெடுவையும்.

எச்-4 விசாவில் முழுநேரம் படிக்கத் தடையில்லை. இதற்கென எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறவும் தேவையில்லை. ஆனால் கோடைக்கால ஆய்வுக்கு உதவித்தொகை என்று பணம் தர முன்வந்தால், அது உழைப்புக்கான ஊதியமா என்பதை ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டறிந்த பின்பே பெறுங்கள். எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்யும் உரிமை இல்லை.

இனி, மகள் இடைநின்றவள் என்று பதிவாகாமலிருக்கப் பள்ளியிடம் செய்யவேண்டியது. விலகல் படிவத்தில் காரணத்தை வெறுமனே "வேறிடம் செல்கிறாள்" என்று எழுதாமல், 105.301ஆம் பிரிவின்கீழ் நிறுவப்பட்ட அகாடமியில் சேர்கிறாள் என்று எழுதி, சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் மகளுக்கு அங்கே பிடிக்காமல் போனால், நீங்கள் அதே பள்ளி மாவட்டத்தில் வசிக்கும் வரை அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கல்விச் சட்டத்தின் 25.001ஆம் பிரிவின்படி அந்த மாவட்டம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகப் பாடங்களின் மதிப்பெண்களை வகுப்புத் தரவரிசையில் எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது மாவட்டத்தின் கொள்கையைப் பொறுத்தது. அதை ஆலோசகரிடம் வாய்மொழியாகக் கேட்காமல், மாவட்ட அலுவலகத்திடம் எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் பெறுங்கள்.