துலிப் எப்ரு: கைவேலையா, அச்சா?

கேள்வி: இஸ்தான்புல்லில் சிவப்புத் துலிப் போட்ட எப்ரு தாள் (மிதக்கும் சாயத்தை ஒற்றியெடுக்கும் துருக்கிக் கலை) ஒன்று வாங்கினேன். உஸ்மானியர் காலத்தது, இருநூறு வருடப் பழசு என்றார் கடைக்காரர். என் தங்கை வேறு கடையில் வாங்கியதும் அதே மாதிரிதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: வயது விஷயத்தில் ஏமாந்துவிட்டீர்கள். பார்த்தவுடன் துலிப் என்று தெரிகிற பூவை எப்ருவில் கொண்டுவந்தவர் துருக்கிக் கலைஞர் நெஜ்மெத்தின் ஒக்யாய். அவர் பிறந்ததே 1883இல். அப்புறம் இருநூறு வருடத் துலிப் எங்கிருந்து வரும்?

கைவேலையா என்று பார்க்க ஒரு நல்ல பூதக்கண்ணாடி போதும். பத்திரிகைப் படத்தில் போலப் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அச்சுதான். இரண்டு தாளும் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போனாலும் அச்சுதான். பிசின் கரைத்த தண்ணீரில் சாயத்தை மிதக்கவிட்டு, மேலே தாளை விரித்து எடுப்பது எப்ரு. ஒரு தாளை எடுத்ததும் படம் அதோடு வந்துவிடும். அடுத்ததற்கு முதலிலிருந்து தெளிக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. எழுத்துள்ள எப்ருவில், தாளில் முதலிலேயே அரபுப் பிசினால் எழுதிக் காயவைப்பார்கள். அங்கே சாயம் ஒட்டாது, எழுத்து வெள்ளையாக நிற்கும். எழுத்தின் வடிவை ஒரு தகட்டில் துளையாக வெட்டிவைத்து, ஒரே எழுத்தைப் பத்துத் தாளிலும் போடலாம். எழுத்து ஒன்றாக இருக்கிறதே, போலிதான் என்று அவசரப்பட்டு நல்ல தாளை ஒதுக்கிவிடாதீர்கள். எழுத்தைச் சுற்றியுள்ள கோலமும் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எழுத்தை அல்ல, சுற்றுப்புறத்தைத்தான் ஒப்பிட வேண்டும்.

வழிகாட்டி கூட்டிப்போகிற கடையில் வாங்கவே வாங்காதீர்கள். அவருக்குப் போகிற கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். யுனெஸ்கோ பெயரைச் சொன்னாலும் மயங்காதீர்கள். 2014இல் அதன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது எப்ரு என்ற கலை, உங்கள் கையிலிருக்கும் தாள் இல்லை. பட்டியல் போட ஆள் இருக்கிறது. அச்சுத் தாளின் முதுகில் ‘அச்சு’ என்று ஒரு முத்திரை குத்தவைக்க ஆளைக் காணோம்.

சரி, தாளை எப்படி ரசிப்பது? பூவை விட்டுவிட்டு முதலில் பின்னணியைப் பாருங்கள். சாயத்தில் மாட்டுப் பித்தநீர் கலந்திருப்பதால் ஒவ்வொரு துளியும் விரியும். பிந்தி விழுந்தது முந்தியதை நெருக்கும். நரம்பாக ஒடுங்கிக் கிடப்பது முதலில் தெளித்த நிறம். உருண்டையாக, இடம் பிடித்து உட்கார்ந்திருப்பது கடைசி நிறம். பிறகு பூவுக்கு வாருங்கள். ஊசியால் இழுத்த இதழின் நுனி முடியளவு மெலிந்து வால்போல முடியும். பக்கத்து நிறம் ஒதுங்கி இடம் விட்டிருக்கும், கலந்திருக்காது. சிவப்பு பச்சைமேல் ஏறியிருந்தால் அது தூரிகை வேலை.

உங்கள் தாளையும் தங்கையுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பூவைக் கையால் மறைத்துக்கொண்டு, மூலையிலுள்ள நரம்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.