மூன்று பூட்டு போட்டால் பலம் மூன்று மடங்காகுமா?

அன்புள்ள அண்ணா,

நான் தங்கச்சிமடம். கடல்பாசி வளர்க்கும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். அவர்களுடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் என் லேப்டாப்பில்தான். முதலில் எண்களை நானே ஒரு கணக்கில் நகர்த்தி மாற்றுவேன். பிறகு 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு மூடுவேன். அதே பாஸ்வேர்டில் இன்னொரு தடவை. ஆக மூன்று பூட்டு. ராமநாதபுரத்தில் இருக்கும் ஆடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பாஸ்வேர்டையும் அதிலேயே. இது போதுமா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தப் பெண்களின் விவரத்தைக் காக்க இவ்வளவு மெனக்கெடுவது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் உங்களிடம் இருப்பது ஒரு பூட்டுதான்.

எண்களை 3 இடம் நகர்த்தி, மறுபடி 5 இடம் நகர்த்தினால் கிடைப்பது 8 இடம் நகர்த்தியது மட்டுமே. அந்த முறையை இன்றே விட்டுவிடுங்கள். திருப்பி மாற்றும்போது ஓர் இலக்கம் தவறினாலும் ஒருவரின் பணம் வேறு கணக்குக்குப் போகும். 7-ஜிப்பில் இருக்கும் ஏஇஎஸ்-256 என்பது உலகமே ஆராய்ந்து பார்த்த பூட்டு முறை, அது ஒன்றே போதும். அதே பாஸ்வேர்டில் இரண்டாம் தடவை மூடுவதால் பெரிய பயன் இல்லை. முதலாவதைக் கண்டுபிடித்தவனுக்கு அடுத்ததும் திறந்துவிடும்.

சரி, வேறு வேறு சாவி போட்டால்? அதிலும் ஏமாற்றம் உண்டு. டிஇஎஸ் என்ற பழைய பூட்டு முறையின் சாவி 56 பிட், அதாவது 0, 1 என 56 இலக்கம். ஒரு பிட் கூடினால் தேட வேண்டிய சாவிகள் இரட்டிப்பாகும். இரண்டு சாவியால் இரண்டு தடவை மறையாக்கினால், அதாவது பூட்டினால், 112 பிட் பலம் வரும் என்றுதான் தோன்றும். டிஃபி, ஹெல்மன் என்ற இரு மறையாக்க ஆய்வாளர்கள் 1977-லேயே அப்படி இல்லை என்று காட்டினார்கள். ஒரு செய்தியின் மூலமும் அதன் மூடிய வடிவமும் கையில் இருந்தால், ஒரு பக்கம் மூலத்தை எல்லாச் சாவியாலும் மூடிக்கொண்டும் மறுபக்கம் மூடியதைத் திறந்துகொண்டும் வந்து நடுவில் ஒப்பிடலாம். அப்போது நினைவகம் ஏராளமாகத் தேவைப்பட்டாலும், வேலை ஏறக்குறைய 57 பிட் அளவுதான். அதனால்தான் மூன்று தடவை செய்யும் டிரிபிள் டிஇஎஸ் வந்தது.

சேர்ப்பதே வீண் என்று சொல்லவில்லை. வேறு வேறு கணித அடித்தளம் உள்ள முறைகளைச் சேர்த்தால் பலன் உண்டு. சிக்னல் என்ற செய்திச் செயலி 2023-ல் தன் பழைய நீள்வளைவுக் கணித முறையோடு, இன்றைய சில பூட்டுகளை உடைக்கக்கூடிய புதுவகைக் கணினியான குவாண்டம் கணினிக்கும் தாங்கும் என்று நம்பப்படும் கைபர் முறையையும் இணைத்தது. இன்று சேமித்து வைத்த செய்தியை நாளை குவாண்டம் கணினியால் உடைக்க நினைப்பவன் இரண்டையும் உடைத்தாக வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது இன்னொரு வகைச் சேர்க்கை. ஏஇஎஸ் வேகமானது, ஆனால் சாவியைப் பெறுபவரிடம் எப்படிச் சேர்ப்பது? பொதுச்சாவி முறை அதைத் தீர்க்கிறது. பெறுபவர் எல்லோருக்கும் தரும் பொதுச்சாவியால் மூடினால், அவரிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால்தான் திறக்கும். ஆனால் அது மெதுவானது. ஆர்எஸ்ஏ என்ற பொதுச்சாவி முறையில், 2048 பிட் சாவிக்கு, ஒரு தடவைக்கு 256 பைட்டுக்கும் குறைவாகத்தான் அடங்கும். அதனால் கோப்பை ஏஇஎஸ் மூடும், அந்தச் சிறிய ஏஇஎஸ் சாவியை மட்டும் பொதுச்சாவி மூடும். ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருள் இதைத் தானாகவே செய்கிறது. அனுப்பும்போது உங்கள் தனிச்சாவியால் டிஜிட்டல் கையொப்பமும் இடுங்கள். இல்லாவிட்டால் ஆடிட்டரின் பொதுச்சாவி கிடைத்த எவரும் உங்கள் பெயரில் கோப்பு அனுப்பலாம்.

எனக்குப் பெரிய கவலை வாட்ஸ்அப்தான். செய்தி வழியில் மறையாக்கப்பட்டே போகிறது. ஆனால் கோப்பும் பாஸ்வேர்டும் ஒரே உரையாடலில் கிடக்கின்றன. ஆடிட்டரின் போன் யார் கைக்குப் போனாலும் எல்லாம் போச்சு.

அடுத்து ராமநாதபுரம் போகும்போது அவருடைய பொதுச்சாவியை நேரில் பென்டிரைவில் வாங்கி, உங்களுடையதையும் கொடுத்து வாருங்கள். பழைய கோப்புகளை இருவர் போனிலிருந்தும், போன் பேக்கப்பிலிருந்தும் அழியுங்கள். அந்தப் பாஸ்வேர்டை இனி எதற்கும் வைக்காதீர்கள். ஜிபிஜி நிறுவும்போது எங்காவது சிக்கினால் எழுதுங்கள்.