172.50 ரூபாய் கூலி 345/2 ஆனது ஏன்? லிஸ்ப்பும் போஸ்ட்கிரெஸ் டிரைவரும்

கேள்வி: எங்களுடையது திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் யூனிட்டுங்க. நூல் வரவு, துணி டெலிவரி, கூலிக் கணக்கு எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. ரிப்போர்ட்டை காமன் லிஸ்ப் மொழியில் எழுதியிருக்கிறேன்: கம்பைலர் எஸ்பிசிஎல், டேட்டாபேஸோடு பேச (டிரைவர்) போஸ்ட்மாடர்ன், வெப்புக்கு ஹஞ்சன்டூட். ரிப்பிளில், அதாவது லிஸ்ப்பின் கட்டளைத் திரையில், நன்றாக ஓடுகிறது. ஆபீசில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பிரவுசரில் திறந்தால் எரர் அடிக்கிறது. 172.50 என்றிருக்கும் கூலி 345/2 என்று வருகிறது. ராத்திரி எட்டு மணிக்குப் போட்ட சலான் மறுநாள் தேதியில் நிற்கிறது. டிரைவரை மாற்றிப் பார்க்கட்டுங்களா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் சொன்ன மூன்றுமே டிரைவரின் கோளாறு இல்லை. டேட்டாபேஸின் மதிப்பு லிஸ்ப் மதிப்பாக மாறும் இடத்திலும், இணைப்பை யார் கையில் கொடுக்கிறோம் என்பதிலும் வருகிற சிக்கல்கள். டிரைவர் என்று பார்த்தால் நீங்கள் எடுத்திருப்பது நல்லதுதான். போஸ்ட்மாடர்னுக்கு அடியில் இருக்கும் சிஎல்-போஸ்ட்கிரெஸ், சர்வரோடு பேசும் நெறிமுறையை முழுக்க லிஸ்ப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. எஸ்க்யூலைட், மைஎஸ்க்யூஎல் டிரைவர்கள் பெரும்பாலும் சிஎஃப்எஃப்ஐ என்ற இடைமுகம் வழியாக சி மொழி நூலகத்தை ஏற்றுபவை. உபுண்டுவை அப்கிரேடு செய்யும்போது மைஎஸ்க்யூஎல் நூலகக் கோப்பின் பெயரில் உள்ள பதிப்பு எண் மாறி, நூலகமே கிடைக்கவில்லை என்று நிரல் நின்றுவிடுவது உண்டு. அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: போஸ்ட்கிரெஸ் 14 முதல் பாஸ்வேர்டு இயல்பாகவே ஸ்கிராம் என்ற முறையில் சேமிக்கப்படுகிறது. மிகப் பழைய போஸ்ட்மாடர்ன் அதை அறியாது. லாகினிலேயே நின்றால், லிஸ்ப் நூலகங்களை இறக்கித் தரும் குவிக்லிஸ்ப்பில் அப்டேட்-டிஸ்ட் கொடுத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

முதலில் இணைப்பு. நிரலின் தொடக்கத்தில் கனெக்ட்-டாப்லெவல் போட்டிருப்பீர்கள். அது ஒரே ஒரு இணைப்பைத் திறந்து, டேட்டாபேஸ் என்ற ஸ்பெஷல் மாறியில், எல்லோருக்கும் பொதுவாக வைக்கிறது. ரிப்பிளில் கேட்பது நீங்கள் ஒருவர் மட்டும், அதனால் பிரச்சனை தெரியாது. ஹஞ்சன்டூட்டோ வரும் ஒவ்வொரு பிரவுசர் இணைப்புக்கும் தனி திரெட் (தனித்து ஓடும் வேலை இழை) எழுப்புகிறது. எல்லாத் திரெட்டும் அதே இணைப்பைப் பிடிக்கின்றன. ஒருவருடைய விடை வந்துகொண்டிருக்கையில் இன்னொருவர் கேள்வி நுழைந்தால், இந்த இணைப்பு வேறொரு கேள்வியில் இருக்கிறது என்று டிரைவர் மறுத்துவிடும்.

இதைத் திருத்தப் போய், சர்வரைத் தொடங்கும் வரியைச் சுற்றி வித்-கனெக்‌ஷன் போடுபவர்கள் அதிகம். அது உதவாது. அது டேட்டாபேஸ் மாறிக்குக் கொடுக்கும் மதிப்பு மெயின் திரெட்டுக்குள் மட்டுமே செல்லும், புதுத் திரெட்டின் கண்ணில் படாது. பிரவுசர் கோரிக்கைக்கு விடை தரும் ஒவ்வொரு ஹேண்ட்லருக்கு உள்ளேதான் வித்-கனெக்‌ஷன் இருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் பட்டியலில் வரிசை இது: டேட்டாபேஸ் பெயர், யூசர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட், கடைசியில் பூல்டு-பி என்ற கீவேர்டும் டி-யும் (லிஸ்ப்பில் ஆம் என்று பொருள்). பூல்டு-பி இருந்தால் வேலை முடிந்த இணைப்பு மூடப்படாமல் இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் குளத்துக்கு (பூல்) திரும்பி, அடுத்தவருக்குப் பயன்படும். மேக்ஸ்-பூல்-சைஸ் குளத்தில் தேங்கும் எண்ணிக்கையை மட்டுமே கட்டுப்படுத்தும், ஒரே நேரத்தில் திறப்பதை அல்ல. போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளை ஏற்கும். ஒரு யூனிட் ஆபீசுக்கு அது தாராளம்.

நிரலை சேவ்-லிஸ்ப்-அண்ட்-டை மூலம் ஒற்றைக் கோப்பாக்கினால், அதற்குமுன் டிஸ்கனெக்ட்-டாப்லெவல், கிளியர்-கனெக்‌ஷன்-பூல் இரண்டையும் அழையுங்கள். திறந்திருந்த சாக்கெட் கோப்புக்குள் பிணமாகத்தான் போகும்.

அடுத்து 345/2. இது பிழையே இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸின் நியூமரிக் வகையை டிரைவர் லிஸ்ப்பின் விகித எண்ணாக, அதாவது பின்னமாக, மாற்றுகிறது. 172.50 என்பது மிகச்சரியாக 345/2. கூட்டினாலும் பெருக்கினாலும் ஒரு பைசா சிதறாது. பணக் கணக்குக்கு இதைவிட நல்லது கிடையாது.

ஆபத்து அச்சிடும்போதுதான். லிஸ்ப்பின் ஃபார்மட் கட்டளையில் இரண்டு தசம இடம் கேட்டு டில்டே, கமா, 2, எஃப் என்று போட்டால் 172.50 என்று அழகாக வரும். ஆனால் ஸ்டாண்டர்டின்படி அந்த விகித எண் முதலில் சிங்கிள் ஃப்ளோட்டாக (தோராயமான தசம எண்) மாறுகிறது. அதற்கு இருப்பது 24 பிட் துல்லியம். 1,31,072 ரூபாயைத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி ஒன்றரைப் பைசாவுக்கு மேல். பன்னிரண்டு லட்சத்தில் அது அரைக்கால் ரூபாய், அதாவது 12.5 பைசா. 12,34,567.85 என்ற பில் வேறு பைசாவோடு அச்சாகும். சின்னத் தொகையில் சோதித்துவிட்டு விடுபவர்களுக்கு மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் இது தெரியவரும்.

கணக்கு முழுவதையும் விகித எண்ணாகவே செய்யுங்கள். எழுத்தாக மாற்றுவதைக் கடைசியில், எஸ்க்யூஎல் பக்கம் டு_சார் மூலம் செய்யுங்கள். வடிவம்: எஃப்எம்99,99,99,990.00. நம் லட்சம், கோடி முறைப்படி கமாவும் விழும். லிஸ்ப்பின் ஃபார்மட் இயல்பாக மூன்று மூன்று இலக்கமாகத்தான் பிரிக்கும். கூட்ட வேண்டிய தொகையை டு_சார் வழியாக வாங்காதீர்கள், அது வெறும் எழுத்து.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கட்டாயம் மாட்டும்: நல் (NULL). வெற்று மதிப்பை டிரைவர் நில்லாகத் தராது, :நல் என்ற கீவேர்டாகத் தரும். லிஸ்ப்பில் நில்லைத் தவிர எல்லாமே உண்மை. இந்த மாதம் டெலிவரியே இல்லாத பார்ட்டியை லெஃப்ட் ஜாயினில் எடுத்தால் அவர் மொத்தம் :நல். கூட்டினால் டைப் எரர் வரும், அது பரவாயில்லை. பாக்கி இருக்கிறதா என்று இஃப் போட்டுப் பார்த்தால், ஆமாம் என்ற கிளைக்குச் சத்தமில்லாமல் போய்விடும். கூட்டுத்தொகையைச் சுற்றி கோஅலெஸ் போட்டு 0 வாங்குங்கள். எதிர்த்திசையிலும் இதே கதை: காலித் தேதிக்கு நில் அனுப்பினால் டிரைவர் அதை ஃபால்ஸ் என்றுதான் எழுதும், டேபிளின் தேதி நெடுவரிசை அதை ஏற்காது. :நல் அனுப்புங்கள். எஸ்க்யூஎல் வரியில் மதிப்புகளின் இடத்தில் $1, $2 என்று விட்டு, மதிப்புகளைத் தனியே கொடுங்கள். சரத்தை ஒட்டி எஸ்க்யூஎல் கட்டினால், மென்'ஸ் வேர் என்று பெயர் வைத்திருக்கும் முதல் பார்ட்டியிடமே உடையும்.

கடைசியாக சலான் தேதி. கூடுதல் நூலகம் ஏற்றாத நிலையில் டைம்ஸ்டாம்ப்பை டிரைவர் யுனிவர்சல் டைம் என்ற முழு எண்ணாக (விநாடிக் கணக்கு) தருகிறது. உங்கள் சலான் தேதி நெடுவரிசை நேர மண்டலம் இல்லாத டைம்ஸ்டாம்ப்பாக இருக்கிறது என்று நினைக்கிறேன். டிரைவர் அந்த 20:00 மணியை யுடிசி (உலகப் பொது நேரம்) என்றே எடுத்துக்கொள்ளும். டிகோட்-யுனிவர்சல்-டைமை வெறுமனே அழைத்தால் அது இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணி நேரம் கூட்டி, மறுநாள் 1:30 என்று சொல்லும். மாலை 6:30க்கு முந்தைய சலான்கள் தேதி மாறாமல் இருப்பதால் பகல் ஷிஃப்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அவசரத்துக்கு டிகோட்-யுனிவர்சல்-டைமின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டாக 0 கொடுங்கள். நிரந்தரத் தீர்வு, அந்த நெடுவரிசையை நேர மண்டலம் அறிந்த டைம்ஸ்டாம்ப்டிஇசட் வகைக்கு மாற்றுவது. ஆல்டர் டேபிள் கட்டளையில் யூசிங் போட்டு, அட் டைம் ஜோன் ஏசியா/கொல்கத்தா என்று சொல்லிவிட்டால் பழைய சலான்களும் சேர்ந்து சரியாகும். மாறி முடியும்வரை டேபிள் பூட்டியிருக்கும், ஆகவே பேக்கப் எடுத்துக்கொண்டு என்ட்ரி போடாத நேரத்தில் செய்யுங்கள். மாற்றியதும் அந்த 0வை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேரம் ஐந்தரை மணி பின்னுக்குப் போகும்.