மனசு கேட்ட கேள்வி: குறிப்பேடு நாலே நாளில் நின்றுபோனால்?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறாள். அன்றன்றைக்குச் செய்ததையும் மனநிலையையும் எழுதி வரும்படி ஆலோசகர் சொன்னார். நாலு நாளில் நிறுத்திவிட்டாள். எப்படித் தொடர வைப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ராத்திரி உட்கார்ந்து முழு நாளையும் எழுதுகிறாளா? பெரும்பாலும் அதில்தான் அலுத்துப்போகிறது. கணக்கும் தப்பாகும்: படுக்கும்போது மனசு சோர்ந்திருந்தால், நன்றாகப் போன காலையும் மோசமாகவே நினைவுக்கு வரும்.

சின்ன பாக்கெட் நோட்டு போதும். எழுந்ததும், பள்ளியிலிருந்து வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது என நாலு வேளை, வேளைக்கு ஒரே வரி: மணி, என்ன செய்துகொண்டிருந்தாள், யாருடன், மனநிலைக்கு 0 முதல் 10-க்குள் ஓர் எண். விட்டுப்போன வேளையை வெற்றாகவே விடட்டும். பிறகு யோசித்து நிரப்ப வேண்டாம். முந்தின நாள் இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பதைக் காலை வரியில் சேர்க்கலாம்.

ஏழு நாள் கழித்து, மிக உயர்ந்த மூன்று எண்களையும் மிகத் தாழ்ந்த மூன்றையும் அவளே வட்டமிடட்டும். பக்கத்தில் இருக்கும் செயல்தான் முக்கியம். உயர்ந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதில் ஒன்றை எடுத்து, அடுத்த வாரத்துக்கு நாளும் நேரமும் குறிக்க வேண்டும். ‘விளையாடணும்’ என்றல்ல, ‘செவ்வாய் மாலை 5.30, தோழியுடன் 20 நிமிடம் ஷட்டில்’ என்று. மனசு சரியானதும் போகலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். போன பிறகே மனசு கொஞ்சம் எழும். உளவியலாளர் பீட்டர் லூயின்சோன் 1970களில் மனச்சோர்வுச் சிகிச்சையில் வளர்த்தெடுத்த வழி இது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவள் காட்டாமல் நோட்டைப் பிரிக்காதீர்கள். அம்மா படிப்பாள் என்று தெரிந்தால் எல்லா வேளையும் 7 என்றுதான் எழுதுவாள். அதே சமயம், இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் ஆர்வமில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவதைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போக வேண்டும், தனியாக விடக்கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: இதேபோன்ற குறிப்பேட்டில் என் 15 வயது மகன் மனநிலைக்கு எப்போதும் 5 என்றே போடுகிறான். பயனுண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எண்ணை விட்டுவிட்டு வார்த்தை கேளுங்கள்: கடுப்பு, சலிப்பு, பயம், வெட்கம், நிம்மதி. ஐந்தாறு வார்த்தைகளை நோட்டின் அட்டையில் அவனே எழுதி வைத்து, வேளைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். இன்னொரு வழி, ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு மதிப்பெண்: எவ்வளவு பிடித்தது, எவ்வளவு சாதித்த மாதிரி இருந்தது. உதாரணமாக, கணக்குப் பாடம் போடுவது பிடிக்காமலே இருக்கலாம். முடித்ததும் இரண்டாவது மதிப்பெண் 8 வரலாம். ரீல்ஸில் இது தலைகீழாக வரும் வாய்ப்பு அதிகம். அந்த வித்தியாசத்தை அவனே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சுட்டிக்காட்ட வேண்டாம்.