கழன்ற கேப்: எந்த சிமென்ட் வைத்து ஒட்டுவது?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் கடைவாய்ப் பல்லுக்கு ஜிர்கோனியா (பீங்கான் வகை) கேப் போட்டேன். ரூட் கேனால் செய்யாத பல். போன வாரம் கேப் கழன்று கையோடு வந்துவிட்டது, பல்லில் கூச்சமும் இருந்தது. டாக்டர் கிராம்பு வாசனையடிக்கும் தற்காலிக சிமென்ட் வைத்து ஒட்டி, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். நல்ல சிமென்ட்டையே முதலில் போட்டிருக்கலாமே? மறுபடி கழன்றால் சூப்பர் குளூ வைத்து நானே ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். பல்லையும் ஈறையும் உறுத்தும். கேப் இம்மி விலகி ஒட்டிக்கொண்டால் கடியே மாறிவிடும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கழன்றால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கேப்போடு தூங்காதீர்கள், தொண்டைக்குள் போய்விடலாம்.

உங்கள் டாக்டர் செய்தது சரிதான். அந்த வாசனை யூஜினாலுடையது, அதாவது கிராம்பு எண்ணெயின் முக்கியச் சத்து. அதைத் துத்தநாக ஆக்சைடு பொடியோடு குழைத்தால் கூச்சத்தைத் தணிக்கும் சிமென்ட் கிடைக்கும். பலம் குறைவு, ஆனால் சுலபமாகக் கழற்றலாம். ரூட் கேனால் செய்யாததால் நரம்பு உயிரோடிருக்கும் பல்லில் கூச்சம் அடங்குகிறதா, இல்லை ரூட் கேனால் தேவைப்படுமா என்று பார்க்கத்தான் இந்த இரண்டு வாரம்.

இனி நிரந்தர சிமென்ட்டுகள். நூறாண்டுக்கும் மேலாகப் புழங்கும் ஜிங்க் பாஸ்பேட் சிமென்ட் நல்ல பலமுள்ளது. அதைக் குழைப்பதே ஒரு கைவேலை. பாஸ்பாரிக் அமிலத்தில் பொடி சேர்ந்ததும் சூடு கிளம்பும், சூடானால் சட்டென இறுகிவிடும். அதனால் குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் பொடியைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, அகலமாகப் பரப்பித் தேய்ப்போம். கரண்டியைத் தூக்கினால் ஓர் அங்குலத்துக்கு நூலிழுக்க வேண்டும், அதுதான் பதம். ஆனால் வைத்த புதிதில் அமிலத்தன்மை அதிகம். ஏற்கெனவே கூசும் உங்கள் பல்லுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

1970களின் தொடக்கத்தில் லண்டனில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் சிமென்ட், பல்லிலுள்ள கால்சியத்தோடு வேதிமுறையில் பிணையும், ஃபுளோரைடும் கசியவிடும். இறுகும் நேரத்தில் எச்சில் பட்டால் மட்டும் கெட்டுப்போகும். இதிலேயே ரெசின் (பிளாஸ்டிக் போன்ற பிசின்) கலந்த வகையும் உண்டு. கேப்புக்குள் பல் போதிய உயரத்தில் நின்றால் உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றே போதும்.

பல் குட்டையாக இருந்தால் ரெசின் சிமென்ட் தேவைப்படலாம். அதற்கு ஜிர்கோனியாவின் உட்புறத்தை மணல்வீச்சால் சொரசொரப்பாக்கி, அதற்கென்றே உள்ள பிரைமர் (ஒட்டுவதற்கு முன் பூசும் திரவம்) பூச வேண்டும். எச்சிலிலுள்ள பாஸ்பேட் ஜிர்கோனியாவில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், வாயில் வைத்து அளவு பார்த்த பிறகு உட்புறத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். இதைத் தவறவிட்டால் விலையுயர்ந்த சிமென்ட்டும் நிற்காது.

உண்மையில் கேப்பைப் பிடித்து வைப்பதில் பெரிய பங்கு, பல்லைச் செதுக்கிய வடிவத்துக்குத்தான். சிமென்ட் நிரப்புவது மிக மெல்லிய இடைவெளியை மட்டுமே. அதனால் சிமென்ட் பெயரைக் கேட்பதற்கு முன், ஏன் கழன்றது என்று கேளுங்கள். அடியில் சொத்தை இருக்கிறதா, பல் குட்டையா, இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா?

நிரந்தரமாக ஒட்டிய அன்று அந்தப் பக்கம் கடினமாக எதையும் கடிக்காதீர்கள், கிளாஸ் அயனோமர் முழுப் பலம் பெற ஒரு நாள் ஆகும். இடையில் வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் கிராம்பு வாசனை சிமென்ட் வைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் யூஜினால் ரெசின் சிமென்ட்டைச் சரியாக இறுகவிடாது.