ஒரு நத்தைக்கு இத்தனை வருத்தமா?

அன்புள்ள ஐயா,

ஹவாயில் இறந்துபோன ஜார்ஜ் என்ற மரநத்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குக் கோபிப் பக்கம் இரண்டு ஏக்கர் பப்பாளி. மழை பெய்தால் ஆப்பிரிக்க நத்தை கன்றுகளை மொட்டையடித்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுகிறோம். கிளுவை வேலியில் ஒட்டியிருக்கும் சின்ன நத்தைகளையும் விடுவதில்லை. ஒரு நத்தைக்கு இத்தனை வருத்தம் தேவைதானா?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

ஆப்பிரிக்க நத்தையைப் பொறுக்குவதை நிறுத்தாதீர்கள். வெறுங்கையால் மட்டும் தொட வேண்டாம், அதன் உடம்பில் எலி நுரையீரல் புழு என்ற, மனிதரையும் தாக்கும் ஒட்டுண்ணி இருக்கலாம். 1847-ல் கல்கத்தாவில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டது, இன்று உங்கள் பப்பாளி வரை வந்துவிட்டது.

ஆனால் ஜார்ஜின் கதையிலும் அதே நத்தை இருக்கிறது. ஹவாய் விவசாயிகளும் உங்களைப் போலத்தான் தவித்தார்கள். அதை ஒழிக்க 1955-ல் ஓநாய் நத்தை என்ற, நத்தையைத் தின்னும் நத்தையைக் கொண்டுவந்தார்கள். அது மற்ற நத்தைகளின் சளித்தடம் பிடித்துப் போகும், மரமும் ஏறும். மேலே இருந்தவை விரல்நுனி அளவு மரநத்தைகள். காடழிப்பும் எலிகளும் ஏற்கெனவே அவற்றைக் குறைத்திருந்தன. மிச்சத்தை இது தின்றது. ஆப்பிரிக்க நத்தை ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். மரநத்தை முட்டையே இடாது, ஒரு நேரத்தில் ஒரு குட்டி போடும், அது வளர்ந்து ஆளாகச் சில வருடங்கள் ஆகும். எப்படித் தாங்கும்?

இத்தனைக்கும் அது இலையைக் கடிப்பதில்லை. இலைமேல் படரும் பூஞ்சையைச் சுரண்டித் தின்னும், மரத்துக்கு முகம் துடைத்துவிடுவது போல. ஜார்ஜின் இனத்தில் கடைசிப் பத்து நத்தைகளை 1997-ல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பிறந்த ஜார்ஜ், துணையில்லாமல் வருடக்கணக்கில் தனியே இருந்து, 2019 ஜனவரி 1 அன்று இறந்தது. அதோடு அந்த இனமே போயிற்று. நான் வருந்தியது அதற்குத்தான்.

நம் பக்கத்திலும் மரநத்தைகள் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஒரு மரநத்தைப் பேரினத்துக்குப் பெட்டோமியா என்று பெயர். ஆனைமலைக் காடுகளில் அலைந்த மெட்ராஸ் மாகாண வன அதிகாரி பெட்டோமின் நினைவாக வைத்தது.

சரி, உங்கள் கிளுவை வேலிக்கு வருவோம். ஆப்பிரிக்க நத்தையின் குஞ்சும் மரமேறும். ஆனால் கூம்பு ஓடும் அதன் பழுப்புப் பட்டைகளும் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி இல்லாதது மரப்பட்டைமேல் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தால், அதை வாளியில் போடாதீர்கள்.