எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் பற்றிய பயங்கள்: ஸ்கேன் மருத்துவரின் பதில்கள்

கேள்வி (குடியாத்தம்): டாக்டர், அம்மாவுக்கு 62 வயது. இங்கே ஒரு மார்பு எக்ஸ்ரேயும் வயிற்றுக்கு ஒரு சி.டி.யும் எடுத்தாயிற்று. வேலூரில் காட்டினால் மறுபடியும் எடுக்கச் சொல்வார்களோ, உடலில் படும் கதிர் அதிகமாகிவிடுமோ?

பதில்: மார்பு எக்ஸ்ரேயைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் படும் கதிரின் அளவு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட்டைத் (உடலில் படும் கதிரை அளக்கும் அலகு) தாண்டாது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் காற்றிலிருந்தும் உலகில் சராசரி மனிதர் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் பெறுகிறார். வயிற்று சி.டி. அப்படியல்ல, சுமார் 8 முதல் 10 வரை ஆகும். பத்து மில்லிசீவர்ட் பெறும் ஆயிரம் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஆனால் இது ஹிரோஷிமா, நாகசாகியில் அதிக அளவு கதிர் பட்டவர்களிடம் கண்டதைக் குறைந்த அளவுக்கும் நீட்டிப் போட்ட கணக்கு. உங்கள் அம்மாவின் வயதில் அந்த வாய்ப்பு இன்னும் குறையும். நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான சி.டி.யை இந்தக் கணக்குக்காகத் தவிர்ப்பது தவறு. தவிர்க்க வேண்டியது, எடுத்ததையே திரும்ப எடுப்பதுதான். பலர் ரிப்போர்ட்டை மட்டும் மஞ்சள் பையில் மடித்துக்கொண்டு வருகிறார்கள். படம் ஊரிலேயே தங்கிவிடுகிறது. பிலிமில் சில படங்களே அச்சாகும், கணினியில் போட்டுப் பார்க்கும் குறுந்தட்டில் அத்தனையும் இருக்கும். ஆகவே எடுத்த இடத்தில் குறுந்தட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். அது இருந்தால் பெரும்பாலும் மறு ஸ்கேன் தேவைப்படாது.

கேள்வி (ஆம்பூர்): கர்ப்பம் என்று தெரியாமல் என் மனைவி மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டார். கலைத்துவிடுவதே நல்லது என்கிறார்கள் உறவினர்கள்.

பதில்: வேண்டவே வேண்டாம். குழந்தைக்கு ஊனம் உண்டாகும் என்ற கவலை எழுவதே சுமார் 100 மில்லிகிரே (உடல் உள்வாங்கும் கதிரை அளக்கும் அலகு) அளவில்தான். மார்பு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேர்வது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. மகப்பேறு மருத்துவரிடம் தேதியோடு சொல்லிவிடுங்கள், அது போதும்.

கேள்வி (காட்பாடி): மாடிப்படியில் விழுந்த மகனுக்குத் தலை சி.டி. எடுக்கலாமா? வயது நான்கு.

பதில்: குழந்தைகளின் உடல் கதிருக்கு எளிதில் பாதிக்கப்படும் என்பதால் நெற்றிப் புடைப்புக்கெல்லாம் எடுக்கக் கூடாது. ஆனால் நினைவு தப்பியிருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மருத்துவர் சி.டி. வேண்டும் என்றால் தயங்க வேண்டாம். குழந்தைக்குரிய குறைந்த அளவில் எடுக்கும்படி கேளுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): எம்.ஆர்.ஐ.யில் எவ்வளவு கதிர்?

பதில்: எக்ஸ்ரே வகைக் கதிர் துளியும் இல்லை, அது காந்தம். உடலில் பேஸ்மேக்கரோ வேறு உலோகப் பொருளோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கேள்வி (ஆற்காடு): எக்ஸ்ரே எடுத்தபின் கதிர் இறங்க இளநீர் குடிக்க வேண்டுமா?

பதில்: விளக்கை அணைத்தபின் அறையில் வெளிச்சம் தங்காததைப் போல, எக்ஸ்ரே கதிரும் உடலில் தங்காது. இளநீர் வெயிலுக்கு நல்லது. எலும்பு ஸ்கேன் வேறு. அதில் ஊசியில் ஏற்றும் டெக்னீசியம் என்ற கதிர் வீசும் பொருள் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், சிறுநீரிலும் வெளியேறும். அன்று மட்டும் தண்ணீர் நிறையக் குடித்து, கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திராமல் இருங்கள்.